படிக்கிற டாக்டரிடம் என் மார்பைக் கொடுத்தேன்

கன்னடப் பகுதியான ஹெப்பகோடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்கும். கம்பெனி டாக்டர் எடை, கண், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார். ஆறு வருடம் அந்த ஒரு நாள் மட்டும் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாவது வருடம் பர்சனல் ஆபீசர் என்னை கேட்டிலேயே பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொன்பது வயது. பெயர் முருகேசன். கிருஷ்ணகிரி பக்கம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று முத்திரை குத்தும் தரப் பரிசோதகர். ஆனேக்கல்லில் அக்கா சாந்தி வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் இருந்தாள். மாமா சொந்தமாக டெம்போ ஓட்டினார்.

என்ன விஷயம் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதில் என் மார்பு இரண்டு பக்கமும் வீங்க ஆரம்பித்தது, பெண் பிள்ளைகளுக்கு வளர்வதுபோல. நான் குண்டு இல்லை. கை கால் எல்லாம் ஒல்லி. மார்பு மட்டும் அப்படி. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அன்றிலிருந்து இறுக்கமாக இரண்டு பனியன், மேலே தொளதொளவென்று சட்டை, தோளைக் கொஞ்சம் முன்னால் குறுக்கிய நடை. மே மாத வெயிலிலும் அப்படித்தான். ஏரியில் இறங்கியதில்லை. வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எடுத்தபோதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். நான் யாரையோ மனதில் வைத்திருக்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி டாக்டர் வயதானவர். திரைக்குப் பின்னால் என் இரண்டாவது பனியனையும் கழற்றச் சொன்னார். நான் கழற்றாமல் நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் கழற்றினேன். விரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார்.

"இதுக்கு கைனகோமாஸ்டியான்னு பேரு. ஆம்பளைங்களுக்கும் மார்ல கொஞ்சம் சுரப்பி இருக்கும். வயசுக்கு வர்ற நேரத்துல சில பேருக்கு அது வளரும். நெறைய பேருக்குத் தானா அமுங்கிடும், சில பேருக்கு அப்படியே நின்னுடும். உங்களுக்கு நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

"வியாதியா சார்?"

"வியாதி இல்ல. வேற எதனால வந்ததான்னு ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடணும். வேணும்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். எத்தன வருசமா மறைக்கிறீங்க?"

"பதினஞ்சு."

அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். நகரத்துக்குள் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தனியார் இடங்களிலும் செய்வார்களாம், ஆனால் என் சம்பளத்துக்கு அது ஆகாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது தரையைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் கை நின்றது.

"அதான் எப்பப் பாத்தாலும் குனிஞ்சிக்கினே நடக்கிறியா? நான் உனக்கு முதுகு வலின்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா." பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"சரி, தெரிய வேணாம். எப்போ போவணும் சொல்லு, நான் லீவு சொல்லிட்டு வரேன்."

அந்த ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளி வாசலில் மூன்று பெஞ்சு போட்டிருப்பார்கள். முதல் நாள் அங்கே உட்கார்ந்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஸ்டவ் வெடித்து முகமும் கழுத்தும் ஒட்டிப்போன பெண், உதடு பிளந்த கைக்குழந்தை, மிஷினில் விரல்களைக் கொடுத்த ஒரு ஆள். அவர்கள் நடுவில் கை கால் நன்றாக இருக்கும் நான். பக்கத்தில் இருந்த அம்மா, "உங்களுக்கு என்னாங்க?" என்று கேட்டபோது, "தோள்பட்டைல" என்று பொய் சொன்னேன். அழகுக்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். டாக்டர் ரேகா. ஹாசன் பக்கத்துக்காரர், கன்னடத்திலும் எங்களைப் போன்ற நோயாளிகளிடம் கற்ற தமிழிலுமாகப் பேசுவார். ஆண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டேன். "இன்னைக்கு நான்தான் இருக்கேன். புதன்கிழமை வந்தா ஆம்பள டாக்டர் இருப்பாரு. வர்றீங்களா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். புதன்கிழமை இன்னொரு லீவு போட வேண்டும். இருக்கட்டும் மேடம் என்று சட்டையைக் கழற்றினேன்.

ரத்தம் எடுத்தார்கள், உடம்பில் ஊறும் ஹார்மோன்களின் அளவு பார்ப்பதற்கு. ஈரல் சரியாக இருக்கிறதா, தைராய்டு சரியா என்று வேறு பரிசோதனைகள். ஸ்கேன் எடுத்தார்கள். விதைப்பையையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு ஆண் டாக்டரைக் கூப்பிட்டார் ரேகா. அங்கே கட்டி ஏதாவது இருந்தாலும் மார்பு இப்படி வளருமாம். ரிப்போர்ட்டுகள் வர பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வெர்னியர் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரே பாகத்தை நாலு தடவை அளந்தேன். எண் மனதில் நிற்கவில்லை. கடைசியில் எல்லாம் சரியாக வந்தது.

ரேகா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அந்த வழியாக உள்ளே இருக்கும் சுரப்பியை வெட்டி எடுப்பது. தழும்பு கறுப்பும் தோலும் சேரும் கோட்டிலேயே விழுவதால் வெளியே அதிகம் தெரியாது. முழுதாகச் சுரண்டி எடுத்தால் காம்பு உள்ளே குழிந்துவிடும். அதனால் அடியில் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். "எவ்வளவு விடணும்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

பிறகு பேராசிரியர் வந்தார். நரைத்த மீசை, மெல்லிய குரல். விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "இந்த ஆபரேஷனை டாக்டர் ரேகா செய்வாங்க. கடைசி வருஷம் படிக்கிறாங்க. நான் முழு நேரமும் பக்கத்துலயே நிப்பேன். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, நானே செய்யறேன். ஆனா என் லிஸ்ட்ல தீக்காயக் கேஸ்தான் முதல்ல. நீங்க காத்திருக்கணும்."

அவர் போன பிறகு ரேகாவிடம் கேட்டேன். "மேடம், இது மாதிரி எத்தன பண்ணியிருக்கீங்க?"

"கூட நின்னு உதவி செஞ்சது ஒன்பது. நானே கத்தி எடுத்துச் செய்யறது, நீங்கதான் முதல்."

வேறு எண் எதையாவது சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா குதித்தார். "கத்துக்கிறவங்க கையில உடம்பக் குடுப்பாங்களாடா? என் வண்டியவே நான் புதுசா கத்துக்கிறவன் கையில குடுக்கமாட்டேன்." அக்கா என்னைப் பார்த்தாள்.  மாமா சொன்னதில் தப்பு இல்லை. நான் பயிற்சியாளனாக இருந்தபோது முதல் மாதம் கடைந்த பாகங்களில் பாதி குப்பைக்குத்தான் போயின. ஆனால் இரும்பு கெட்டால் வேறு இரும்பு எடுக்கலாம்.

அடுத்த தடவை போனபோது அதையே ரேகாவிடம் கேட்டேன். "எங்க கம்பெனியில ஒருத்தர் செய்வாரு, அவரு செஞ்சத வேற ஒருத்தர் அளப்பாரு. நீங்க செய்யறத யாரு அளக்கிறாங்க மேடம்?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மேசையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவர் செய்த, உதவிய ஒவ்வொரு ஆபரேஷனும் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேராசிரியரின் கையெழுத்து. சில இடங்களில் சிவப்பு மையில், தையல் இறுக்கம், வெட்டு நீளம் என்று குறிப்பு. "முன்னாடி போட்டோ, பின்னாடி போட்டோ எடுப்போம். ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கு ஒரு ஃபாரம் குடுப்போம். நீங்களே மார்க் போடணும். என்கிட்ட இல்ல, சிஸ்டர்கிட்ட குடுத்துடணும். அப்புறம் எல்லா டாக்டருங்க முன்னாடியும் அத வாசிப்பாங்க."

சிவப்பு மையைக் காட்டியதுதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. தன் குறையைத் தானே விரித்துக் காட்டுகிற ஆளை நம்பலாம் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை என்னை நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார் ரேகா. கழுத்தெலும்பின் பள்ளத்திலிருந்து காம்புவரை ஸ்கேல் வைத்து அளந்தார். வலது பக்கம். இடது பக்கம். மறுபடியும் வலது, மறுபடியும் இடது. இரண்டாம் தடவை அளப்பவரைப் பார்த்ததும் என் பயம் பாதி இறங்கியது. தியேட்டருக்குள் குளிராக இருந்தது. "ஹெதர்பேடி, பயப்படாதீங்க" என்றார் முகமூடிக்குள்ளிருந்து. மயக்க மருந்து டாக்டர் எண்ணச் சொன்னார். ஆறுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய குழாய் ஒவ்வொன்று. உள்ளே கசியும் ரத்தமும் நீரும் வெளியே வருவதற்கு. வலியைவிடத் தாகம்தான் அதிகம். அக்கா ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். மாமா வந்திருந்தார். அப்போதுதான் இடது பக்கம் என்னவோ போல இருந்தது. முதலில் இறுக்கம், பிறகு உள்ளிருந்து யாரோ முஷ்டியால் தள்ளுவது போல. அக்கா நர்ஸைக் கூப்பிட்டாள். ரேகா ஓடி வந்தார். கட்டைத் தளர்த்திப் பார்த்தார். இடது மார்பு புடைத்துக் கருநீலமாக இருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பேராசிரியருக்கு ஆள் அனுப்பிவிட்டு, என் கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள ஒரு சின்ன ரத்தக் குழாய் கசியுது. ரத்தம் கட்டிடுச்சு. இப்பவே திரும்பத் திறந்து எடுத்துட்டு அத மூடணும். அந்த இடத்த மூடினது நான்தான். சரியா மூடாம விட்டிருக்கலாம், இல்லன்னா அப்புறமா திறந்திருக்கலாம். உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

மாமா எழுந்துவிட்டார். "அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன். யாரு கேட்டாங்க? இப்ப பெரிய டாக்டரக் கூப்புடுங்கம்மா. நீங்க தொட வேணாம்."

 ரேகாவுக்குக் கண் சிவந்திருந்தது, ஆனால் அங்கிருந்து நகரவில்லை. பேராசிரியர் வந்து பார்த்தார். எந்த டாக்டர் செய்தாலும் நூற்றில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று மாமாவிடம் சொன்னார். பிறகு என்னிடம் குனிந்தார். "நான் செய்யணும்னா இப்பவே செய்யறேன். உங்க உடம்பு. நீங்க சொல்லுங்க."

எனக்குப் பேச மூச்சு கஷ்டமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் பெரியது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். "அவங்களே பண்ணட்டும் சார். எங்க மூடினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

"டேய் முருகேசா" என்றார் மாமா.

"மாமா, தப்ப ஒத்துக்கினவங்க ரெண்டாந்தரம் கவனமாப் பண்ணுவாங்க."

ரேகா தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு நொடிதான். பிறகு தியேட்டரைத் தயார் செய்யச் சொல்ல வேகமாக நடந்து போனார்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அடுத்த நாள் காலை வந்து முதலில் மாமாவிடம்தான் பேசினார். என்ன கிடைத்தது, எந்தக் குழாய், எப்படி மூடினார் என்று கன்னடத்தில் விவரமாகச் சொன்னார். மாமா கைகட்டிக் கேட்டுவிட்டு, "ஊட்டா ஆயிதா மேடம்?" என்று, சாப்பிட்டாயிற்றா என விசாரித்தார். அதற்குமேல் அவர் இந்த விஷயத்தில் குறை எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். வீட்டுக்குப் போனபின் ஆறு வாரம் மார்பை இறுக்கிக் கட்டியே வைத்திருக்க வேண்டும். தோல் உள்ளே ஒட்டிக்கொள்வதற்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த எலாஸ்டிக் துணி நடந்தால் சுருண்டு வயிற்றுக்கு இறங்கியது. அக்கா அதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கார்மெண்ட்ஸில் மிச்சப்பட்ட, இழுத்தால் நீளும் துணி கேட்டு வாங்கி வந்து, முன்னால் கொக்கி வைத்து, தோளில் பட்டை வைத்து, கையில்லாத ஒரு பனியன் தைத்தாள். அக்குளில் உராயாமல் இருக்க உள்பக்கம் பருத்தித் துணி. அதைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக்குப் போனபோது ரேகா என்னை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இத யாரு தச்சாங்க?" அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே கூப்பிட்டு, மற்ற நோயாளிகளுக்கும் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வார்டில் அக்கா இருக்கும் பக்கம் திரும்பாமல் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் நான். அவள் தைத்ததை அன்று நாலு டாக்டர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். திரும்பும் வழி முழுக்க அவள் கொக்கியை எங்கே மாற்றலாம் என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

மாமா செய்தது வேறு மாதிரி. என்னைப் பஸ்ஸில் ஏற விடவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் டெம்போவில் தலையணை போட்டுக் கூட்டிப்போனார். பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியை அடியடியாக இறக்கினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் பதில் கொடுத்தார்.

கட்டு இல்லாமல் என்னை நான் கண்ணாடியில் பார்த்தது ஆறு வாரம் கழித்து. வீட்டில் யாரும் இல்லை. மார்பு சமமாக இருந்தது. ஒரு மனிதனுக்குச் சாதாரணமாக இருப்பது போல. சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் நான் அங்கிருந்து நகர வெகு நேரமானது. தோளைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து பார்த்தேன். பதினைந்து வருடமாகக் குறுகிப் பழகிய தோள் வலித்தது.

ஆறு மாதத்தில் அந்த ஃபாரம் வந்தது. வடிவம், தழும்பு, தொடு உணர்ச்சி, வெளியே பழகும் தைரியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். வலது பக்கத்துக்கு ஐந்து போட்டேன். இடது பக்கத்தில், ரத்தம் கட்டிய இடத்துக்கு மேலே, கட்டைவிரல் அழுத்தியது போல ஒரு சின்னப் பள்ளம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தெரியும். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிரியத்துக்காக ஐந்து போடலாம். ஆனால் நான் முத்திரை குத்திச் சோறு தின்பவன். நான்கு போட்டேன். மொத்தத்தில் திருப்தியா என்ற கேள்விக்கு ஐந்து. பயிற்சியில் இருக்கும் டாக்டரிடம் மறுபடி செய்துகொள்வீர்களா என்ற கடைசிக் கேள்விக்கு, ஆம் என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

டாக்டர்கள் கூட்டத்துக்கு வர முடியுமா, வராவிட்டாலும் பரவாயில்லை என்று ரேகா கேட்டிருந்தார். போனேன். இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரேகா என் பழைய படத்தைத் திரையில் போட்டார்; கழுத்துக்குக் கீழே மட்டும். இரண்டாம் முறை திறந்ததை அவரே சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒரு டாக்டர், "இடது பக்கத்துக்கு நாலு போட்டிருக்கீங்களே, ஏன்?" என்று என்னைக் கேட்டார்.

சட்டையைக் கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, விரலை வைத்துக் காட்டினேன். "இங்க ஒரு சின்ன பள்ளம் சார். மத்தபடி வேலை சுத்தம்."

அறையில் சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை. பேராசிரியர் ரேகாவைப் பார்த்து, "நாலுங்கறது சரியான மார்க்" என்றார். "ஆமா சார்" என்றார் ரேகா. முகம் பூரித்திருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பெஞ்சில் ஐம்பது தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் மாதிரி இருந்தார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. ரிப்போர்ட் கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்; நான் தாண்டும்போது எழுந்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு இந்த மாருல... யாரு பண்ணாங்க? பெரிய டாக்டருங்களா?"

"இல்லீங்க சார். படிக்கிற டாக்டர். ரேகா மேடம்."

"எனக்கும் அவங்கதான்னு சொல்றாங்க. சின்னப் பொண்ணா இருக்காங்களே. ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டேன். இந்த வயசுல இது தேவையான்னு சிரிப்பாங்க." சுற்றிலும் பார்த்தார். "தப்பா நெனைக்கலன்னா... பாக்கலாங்களா?"

மாடிப்படித் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே நின்று சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தேன். முதலில் இடது பக்கத்தைத்தான் காட்டினேன். ரத்தம் கட்டியது, மறுபடி திறந்தது எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே வந்து, ஒரு விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார்.

"இதா குறை?"

"இதுதான் சார்."

"இவ்வளவுதானா?" என்றார். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் தம்பி."

உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர்தான். கவரை நெஞ்சிலிருந்து இறக்கி, ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ரேகாவின் அறைக்குள் போனார்.